எல்லாருக்கும் ஒரே மார்க்

குப்பி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுதான். உள்ளே என் தம்பி மகன் குளித்துக்கொண்டிருந்தான். குளிக்கும்போதுகூடப் போனை விடமாட்டான். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஆணியில் தொங்கவிட்டு, தலை நிறைய நுரையோடு கத்திக் கத்திப் பேசுவான். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நான் வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறேன். என் வயதில் அந்த அவசரம் என்னவென்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"குப்பிகிட்ட குடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிரும்டா. நீ எதுக்கு மண்டைய ஒடைச்சுக்கிற? அட்டையில நம்ம பேரு இருக்கும்ல, அது போதும்" என்று சொல்லிச் சிரித்தான்.

குப்பி என்றால் ஏதோ மிஷின் என்று நினைத்தேன். துவைக்க ஒன்று, அரைக்க ஒன்று வந்ததுபோல், படிக்கவும் ஒன்று வந்துவிட்டது போலிருக்கிறது என்று.

இவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் கூடப் பிறந்தவர்களில் கடைசித் தம்பியின் ஒரே மகன். காலேஜ் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது என்பதால் என் தலையில் கட்டினான் தம்பி. "அக்கா, உனக்கும் ஒரு துணை" என்றான். நல்ல துணை! சாப்பிட்ட தட்டைச் சாப்பிட்ட இடத்திலேயே காய விடுவான். கால் நகத்தை வெட்டி மேஜைமேல் குவித்து வைப்பான். சீப்பில் சுற்றிய முடியை எடுத்துப் போட மாட்டான், ஊதிவிடுவான்; அது பறந்து என் தண்ணீர்க் குடத்தில் விழும். காலேஜில் அவனுக்கு மைனர் என்று பெயர். பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயரைவிட அதுதான் பொருந்தியதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் மைனர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். "அத்தை, குரூப் அசைன்மெண்ட். இங்கதான் உக்காந்து செய்யப் போறோம்" என்றான். முதலில் வந்தவன் ஒரு பையன், வாசலிலேயே பேச ஆரம்பித்தான். அவனுக்கு மைக் என்று பெயர். இரண்டாவது ஒரு பெண், போனைப் பார்த்துக்கொண்டே படியேறினாள், படி தட்டிற்று, அப்போதும் போனைத்தான் பார்த்தாள். எது சொன்னாலும் "சரி சரி" என்பாள். அதனால் அவள் சரிசரி. கடைசியாக வந்தவள் ஒல்லியான பெண், தோளில் ஒரு கனத்த பை. அவள்தான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"நீ யாரும்மா?"

"என்னைக் குப்பின்னு கூப்பிடுவாங்கம்மா."

"அட, நீதானா அந்த மிஷின்?" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் வருஷம் இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி அதில் குடிதண்ணீர் கொண்டு வருவாளாம். அதைப் பார்த்து மைக் வைத்த பெயர் அது. "பெரிய பாட்டில் வாங்குனப்புறமும் பேரு மாறலை" என்றாள்.

யார் வந்தாலும் இன்னாருடைய பிள்ளை என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க வராது. விசாரித்தேன். அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து பாதி நாள்தான் வேலை. அம்மா துணி தைக்கிற கம்பெனிக்குப் போகிறாள். அப்பாவைப் பெற்றவள் யார் என்று கேட்டேன். சொன்னாள். இடது கையில் ஆறு விரலா என்று கேட்டேன். "ஆமாம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். தெரியாமல் என்ன? என் சின்னம்மாவுக்கு ஓரகத்தி அவள். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே நாளில் சண்டை போட்டு, தனித்தனியாகப் போனவர்கள். அவளுடைய இரண்டாவது பிள்ளைதான் பெயிண்ட் அடிக்கிறான் என்றால், அவன் எனக்குத் தம்பி முறை.

"அப்ப நான் உனக்கு அத்தை. இந்த மைனர் உனக்கு அண்ணன்."

அவள் மைனரைப் பார்த்தாள். அவன் என் சோபாவில் செருப்புக் காலோடு படுத்து, ஒரு விரலால் பல் இடுக்கைக் குடைந்துகொண்டிருந்தான்.

"முறை கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் அத்தை" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று.

அசைன்மெண்ட் என்ன என்று அவள்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். காலேஜ் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஒரு சாக்கடையில் போய், பின்னால் இருக்கிற குளத்தில் விழுகிறது. அந்தத் தண்ணீரை மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும். கேண்டீன் குழாய் வாயில் ஒன்று, சாக்கடை நடுவில் ஒன்று, குளத்தில் ஒன்று. மூன்றையும் லேபில் கொடுத்துப் பார்த்து, குளம் எதனால் கெடுகிறது என்று எழுத வேண்டும். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மார்க். அவளுக்குக் காலேஜில் பீஸ் கிடையாது, சலுகையில் படிக்கிறாள். ஒரு பாடத்தில் தோற்றாலும் சலுகை போய்விடும். "அதனால இதை நல்லா முடிக்கணும் அத்தை" என்றாள். அலட்டிக்கொள்ளாமல்தான் சொன்னாள். ஆனால் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

வேலை பிரித்த லட்சணத்தைக் கேளுங்கள். மைக் சொன்னான், "கிளாஸ்ல எந்திரிச்சுப் பேசுறது என் பொறுப்பு. அதுதான் கஷ்டம். அதை நான் பாத்துக்கிறேன்." சரிசரி அட்டைக்குக் கலர் தேர்ந்தெடுக்கிறாளாம். மைனரைக் கேட்டால், "நான்தான் இடம் குடுத்துட்டேன்ல?" என்கிறான். யார் வீட்டு இடம்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்றானாம் ஒருவன். அவனுக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கும்.

அன்று முழுக்க அந்த மூன்று பேரும் தின்றார்கள். பொட்டலம் பொட்டலமாக எதையோ வாங்கி வந்து கொட்டி, எண்ணெய்க் கையை என் திரைச்சீலையில் துடைத்தார்கள். மைக் ஏப்பம் விட்டான், மைனர் அதைவிடப் பெரிதாக விட்டான், சரிசரி அதைப் போனில் பிடித்து யாருக்கோ அனுப்பினாள். இத்தனைக்கும் நடுவில் குப்பி தரையில் குனிந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். யாராவது காலை நீட்டினால் காகிதத்தை நகர்த்திக்கொள்வாள். நான் பார்க்காத கூட்டு வேலையா? எங்கள் காலத்தில் நாலு பேர் சேர்ந்து கிணறு இறைத்தால் நாலு பேர் கையிலும் காப்புக் காய்க்கும். இங்கே ஒருத்திக்குக் காய்க்கிறது, மூன்று பேர் அதை எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

தண்ணீர் பிடித்ததையும் நான் என் கண்ணால் பார்த்தேன். மறுவாரம் வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்கக் கேண்டீன் பின்புறச் சந்து வழியாகப் போனேன். அந்தச் சந்தில் மூக்கைப் பொத்தாமல் போனவர் கிடையாது. குழாய் வாயில் எண்ணெய் ஆடை கட்டி, அதன்மேல் மிச்சச் சோறு ஊறி வீங்கி மிதக்கும். வெயில் பட்டால் நுரை விட்டு மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கும். ஏதோ செத்துக் கிடக்கிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா என்று தெரியாத நாற்றம். குப்பி இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, துடைப்பக் கழியில் தண்ணீர் மொள்ளுகிற மக்கைக் கட்டி, அந்தக் குழிக்குள் இறங்கி நின்றாள். மற்ற மூன்று பேரும் மதில்மேல்.

"இன்னும் கொஞ்சம் குனி குப்பி, போட்டோல பாட்டில் தெரியலை" என்றான் மைக், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"தெரியலைன்னா எறங்கி வந்து புடி" என்றாள் அவள்.

"எனக்கு அலர்ஜி."

"எனக்கு மட்டும் இது பன்னீரா?"

பாட்டிலை மூடிக் கழுவித் துடைத்து மேலே கொடுத்ததும் மைனர் கீழே குதித்தான். உதவத்தான் போகிறான் என்று ஒரு நிமிஷம் நான்கூட ஏமாந்தேன். பாட்டிலை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் முடியைச் சரிசெய்து, சரிசரியைப் பார்த்துச் சிரித்தான். படம் எடுத்ததும் பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டு, இருந்த இடத்திலேயே காறித் துப்பினான். அவள் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. எனக்கு அந்தச் சாக்கடையைவிட அதுதான் குமட்டியது.

லேப் திங்கட்கிழமைதான் திறக்கும், அதுவரை பாட்டில்களைக் குளிரில் வைக்க வேண்டும் என்று என் பிரிட்ஜைக் கேட்டார்கள்.

"என் பாலுக்குப் பக்கத்துலயா? அதுக்கு நான் அந்தக் குழியிலயே போய் உக்காந்து பால் குடிப்பேன்" என்றேன்.

"தனி டப்பாவுல போட்டு மூடித்தான் வைப்பேன் அத்தை. வேற எங்கயும் எடம் இல்ல. எங்க வீட்ல பிரிட்ஜ் கிடையாது" என்றாள் குப்பி. நான் தலையாட்டும் வரைக்கும் வாசலைத் தாண்டவில்லை. பிறகு கீழ்த்தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். போகும்போது மைனரிடம் விரலை ஆட்டிச் சொன்னாள். "அண்ணா, இதை மட்டும் தொட்றாத. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"போடி தங்கச்சி, அது என்ன பாயசமா, தொடுறதுக்கு?" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இல்லை. என் பெரியக்காள் மருமகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க மைனருடைய செண்ட் நாற்றம். அவனும் மைக்கும் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கூல்டிரிங்க் பாட்டில்கள் உருண்டு கிடந்தன. "என்னடா இது, பன்னீர்க் குளமா?" என்றேன். "பால் கொட்டிருச்சு அத்தை, தொடச்சுட்டோம்" என்றான் மைனர். எதையாவது துடைத்தான் என்று அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறுத்தியது. ஆனால் பஸ்ஸில் வந்த களைப்பு. முகம் கழுவிக்கொண்டு, கொடியில் கிடந்த என் துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தேன்.

அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் அந்தச் சந்து. துண்டு முழுக்கப் பிசுபிசுவென்று ஏதோ. வாந்தி எடுத்தேன். மூன்று தடவை சோப்புப் போட்டு முகம் கழுவினேன். "கெட்டுப்போன பால் அத்தை" என்றான் அவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். துண்டைச் சோடா போட்டு ஊற வைத்தேன், கொதிக்க வைத்தேன், நாற்றம் போகவில்லை. தரை துடைக்கவாவது ஆகும் என்று பின்சுவரில் போட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை குப்பி வந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். பாட்டில் மூன்றும் மூடி போட்டு வரிசையாக இருந்தன.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் அவள் மட்டும் வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அத்தை, அந்த ஞாயித்துக்கிழமை இங்க கரண்ட் போச்சா?"

"இல்லையே. ஏன்?"

"லேப்ல இருந்து வந்திருச்சு. குளத்துத் தண்ணி நாசம். நடுச் சாக்கடை நாசம். கேண்டீன் குழாய்த் தண்ணி மட்டும் ஏறக்குறைய சுத்தமாம். பாத்திரம் கழுவுன தண்ணியில ஒரு சொட்டு எண்ணெய் இல்லையாம். எப்படி? நான் என் கையால அள்ளினேன் அத்தை, அந்த எண்ணெய் இன்னும் என் நகத்துல இருக்கு."

நான் சொன்னேன். கரண்ட் போகவில்லை, ஆனால் பால் கொட்டியதாம், என் துண்டால் துடைத்தார்களாம் என்று. அவள் என்னையே பார்த்தாள். "அந்தத் துண்டு எங்க?" என்றாள். பின்சுவரைக் காட்டினேன். போய் எடுத்து, கொஞ்சமும் தயங்காமல் மூக்கில் வைத்து இழுத்தாள். 

"இது பால் இல்ல அத்தை" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மூன்று பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். மறுநாள் அசைன்மெண்டை ஒப்படைக்க வேண்டும், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. மைனர் சோபாவில் உட்கார்ந்ததும் குப்பி துண்டைத் தூக்கி அவன் மடியில் போட்டாள். அவன் பாம்பு விழுந்த மாதிரி எகிறினான்.

"சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"எந்தத் தண்ணிய ஊத்தி வச்ச?"

மைக்தான் வாயைத் திறந்தான். "கோவப்படாத குப்பி. கூல்டிரிங்க் வைக்க எடம் இல்ல. டப்பாவை எடுத்து ஜன்னல்கிட்ட வச்சோம். வெயில் அடிச்சதுல ஒரு பாட்டில் பொங்கி மூடி தெறிச்சுப் போச்சு. அது ஒரு ஆக்சிடென்ட்."

"அப்புறம்?"

"அப்புறம் காலி பாட்டிலையா வைக்க முடியும்? சிங்க்ல இருந்து கொஞ்சம் புடிச்சோம். கலர் வரணுமேன்னு டீத்தூள் போட்டோம்."

"நுரைக்கு என் ஷாம்பு ரெண்டு சொட்டு. நல்ல ஷாம்பு" என்றான் மைனர். அதையும் பெருமையாகத்தான் சொன்னான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுபடி எறங்கி அள்ளியிருப்பேனே!"

"நீ கத்துவேன்னுதான் சொல்லலை."

இப்போது அள்ளலாமே என்றேன் நான். இனி லேபில் கொடுத்து வர ஒரு வாரம் ஆகும், ஒப்படைப்பது நாளைக்கு என்றாள் குப்பி. அவகாசம் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். முதல் பாட்டிலை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் எழுதலாமா என்று சரிசரி கேட்டாள். முதல் பாட்டில் இல்லாவிட்டால் கேண்டீனைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது, பாதிக்கு மேல் மார்க் போய்விடும் என்றாள் குப்பி. "சரி சரி" என்று சரிசரி போனுக்குத் திரும்பினாள்.

"இதுல என்ன பிரச்சினைன்னே எனக்குப் புரியலை" என்றான் மைக். "லேப் என்ன சொல்லுச்சோ அதை அப்படியே எழுதிட்டேன். முடிவுகூட மாத்தி அடிச்சுட்டேன், சூப்பரா வந்திருக்கு. கேளு." போனைப் பார்த்து மேடைப் பேச்சு மாதிரி படித்தான். கேண்டீன் தண்ணீர் சுத்தமாக இருப்பதால், குளம் கெடுவதற்கு அக்கரையில் குடியிருப்பவர்களின் சுகாதாரமற்ற பழக்கங்களே காரணம் என்று இந்தக் குழு முடிவு செய்கிறது. அப்படி எழுதியிருந்தான்.

குப்பி சொன்னாள், "அக்கரையில இருக்கிறது எங்க தெரு."

எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இரண்டு வருஷமாகக் கூடப் படிக்கிறார்கள்.

"அய்யோ, உங்க வீடுன்னு பேர் போட்டா எழுதியிருக்கேன்? பொதுவாத்தானே?" என்றான் மைக். "நாளைக்கு எல்லாருக்கும் நல்ல மார்க் வரும். உன் சலுகையும் தப்பிக்கும். உனக்காகவும்தான் யோசிச்சேன்."

"எனக்காக?"

"ஆமா. யாருக்குத் தெரியப் போவுது?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் பார்த்தேன், முடியவில்லை. "ஏண்டா, பேண்டதும் நீங்க, தொடச்சது என் துண்டுல, கை காட்டுறது அவ தெருவையா?" என்றேன். மைனருக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கமாக்கும் என்று நினைத்தேன். இல்லை, கோபம். உடனே அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, தனக்குத் தோதாக விஷயத்தைச் சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தான்.

"அக்கா, அந்தப் பொண்ணுகிட்ட நீ எடுத்துச் சொல்லு" என்றான் தம்பி. "நம்ம வகையறாவாமே? முறைக்குத் தங்கச்சின்னு பையன் சொல்றான். அண்ணனைக் காட்டிக் குடுத்தா அழகா?"

"முறை இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா உனக்கு? அவ அப்பன் ஏணியில இருந்து விழுந்து கெடந்தப்ப அவன் யாரோ, இப்ப அவ தங்கச்சியா?"

"நீ என் பக்கமா, அவ பக்கமா?"

"உன்னை இடுப்புல சுமந்தவடா நான். அப்பவும் நீ என் சேலையிலதான் வெளிக்கு இருப்ப" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

குப்பி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அட்டையில என் பேரும் இருக்கு அத்தை" என்றாள். போய்விட்டாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கும் தெரியவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அந்தச் சலுகை போனால் அவள் வீட்டில் காலேஜ் என்ற பேச்சே இருக்காது.

மறுநாள் நடந்ததைச் சரிசரிதான் வந்து சொன்னாள். பயந்துபோய் முதல் தடவையாகப் போனைப் பைக்குள் வைத்துவிட்டு வந்திருந்தாள். மைக் எழுந்து கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினானாம். முடிவைப் படித்து, கைதட்டலுக்குக் காத்து நின்றானாம். மேடம், "வேற யாராவது சேர்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டாராம். வழக்கமாக யாரும் சொல்வதில்லை. குப்பி எழுந்தாளாம்.

"முதல் பாட்டில்ல இருந்தது கேண்டீன் தண்ணி இல்ல மேடம். எங்க அத்தை வீட்டு சிங்க் தண்ணி. அதுல டீத்தூளும் ஷாம்பும் கலந்திருக்கு. அதனால இந்த முடிவு பொய். அக்கரை ஆளுங்களைப் பத்தி எழுதுனதும் பொய்."

வகுப்பே சிரித்ததாம். மேடம் சிரிக்கவில்லை. யார் கலந்தது என்று கேட்டார். குப்பி திரும்பி அந்த இரண்டு பேரையும் பார்த்தாளாம். அவர்கள் சொல்லட்டும் என்று. மைக்குக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. மைனர் கூரையைப் பார்த்தான்.

"நீ என்னம்மா செஞ்ச?" என்று சரிசரியைக் கேட்டேன்.

"மேடம் என்னைப் பாத்து, 'இவ சொல்றது உண்மையா?'ன்னு கேட்டாங்க. மைக் என் காலை மிதிச்சான். நான் 'தெரியாது மேடம்'னுட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள். நான் தேற்றவில்லை. அழுது முடித்ததும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

நாலு பேருக்கும் பூஜ்யம். குழு என்றால் ஒரே மார்க், அது விதியாம். அந்த மேடம் பிறகு குப்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா ஒருத்திக்கு மட்டும் மார்க் போட எனக்கு அதிகாரம் இல்ல" என்றாராம். சரியாகச் செய்தவளுக்கும் சாக்கடைக்கு ஷாம்பு போட்டவனுக்கும் ஒரே தராசு. இதற்கு அவ்வளவு பெரிய கட்டடம், அவ்வளவு நாற்காலி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லாவற்றையும்விட நாறியது. என் தம்பியும் மைக்குடைய மாமாவும் போய்ப் பிரின்சிபாலைப் பார்த்தார்கள். பிள்ளைகளின் எதிர்காலம் என்று பேசினார்கள். மறுபடி ஒரு சின்ன அசைன்மெண்ட் கொடுத்து நாலு பேரையும் பாஸ் போட்டுவிட்டார்கள். குப்பியும் எழுதினாள், தனியாக எழுதினாள், அவர்களைவிட நன்றாகத்தான் எழுதினாள். ஆனால் அதற்குள் அவளுடைய பூஜ்யம் ஆபீசுக்குப் போய்விட்டது. சலுகை ஒரு தடவை நின்றால் நின்றதுதானாம். நானும் அவள் அம்மாவும் போய்க் கேட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே சொன்னார், "உங்க பொண்ணு தப்பு பண்ணுச்சுன்னு யாரும் சொல்லலைம்மா. பூஜ்யம் இருக்கு, அவ்வளவுதான்." அவள் அம்மா படியிறங்கி வெளியே வந்ததும், "நல்லவேளை, அவ வரலை" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்தால் மைனர் பாஸானதற்குக் கேக் வாங்கி வைத்திருந்தான். என் பிரிட்ஜில், கீழ்த்தட்டில். "எடுத்துக்கோ அத்தை" என்றான். நான் அவன் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன். கேக்கை அதன் மேல் வைத்தேன்.

"இதுக்குப் போயா? எல்லாரும் இப்படித்தான் செய்யிறாங்க அத்தை!" என்றான்.

"அதுக்குத்தான்டா" என்றேன்.

தம்பி அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மைனர் பட்டம் வாங்கி, அப்பன் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். மைக் எங்கேயோ பெரிய கம்பெனியில் இருக்கிறானாம், பேசுகிற வேலைதான். சரிசரி தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்து குப்பியின் வீடு எங்கே என்று கேட்டாள். அக்கரை என்று சொன்னேன். போனாளோ என்னவோ. கேண்டீன் குழாய் இன்னும் அதே சாக்கடையில்தான் விழுகிறது.

குப்பி அந்த வருஷத்தோடு காலேஜை விட்டுவிட்டாள். இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். விட்ட படிப்பைத் தபால் வழியில் படிக்கிறாள். கடைசி வருஷப் பரீட்சை பாக்கி இருக்கிறது.